புகைச் சேதி யாருக்கு?

(அபிராமபுரத்தில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



காட்டுத்தீ என்றால் 2018-இல் குரங்கணி எரிந்தது நினைவுக்கு வரும். சென்னைக்கு ஏது காடுன்னு கேப்பீங்க. நம்ம ஊர்ல எரியறது குப்பைக்காடு. 2022 ஏப்ரல் 27-இல் பெருங்குடி குப்பைமேடு தீப்பிடித்தது. இருநூறு ஏக்கருக்கு மேல் பரந்த மேடு. உள்ளே அழுகும் குப்பையிலிருந்து மீத்தேன் வந்துகொண்டே இருக்கும். மேலே தண்ணீர் அடித்தாலும் அடியில் கனன்றுகொண்டிருக்கும். நாட்கணக்கில் புகை.

அது யார் குப்பை? தென்சென்னை தின்று உடுத்திக் கழித்த குப்பை. அந்தப் பக்கம் குடியிருப்பது யார்? கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும், ஆற்றங்கரை கால்வாய்க்கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட நம்ம ஜனங்க. குப்பைக்கும் ஜனங்களுக்கும் ஒரே திசையைக் காட்டியிருக்கிறது இந்த நகரம்.

அதே ஏப்ரல் கடைசியில்தான் இங்கே பக்கத்தில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க எந்திரம் வந்தது. இடிக்க வரும்போது அரசுக்கு ஒவ்வொரு வீடும் தெரியுது. புகை வருது, ஜன்னலைச் சாத்துன்னு சொல்ல எத்தனை கதவைத் தட்டினாங்க?

சேதி இல்லாமலில்லை. ஆலந்தூர், மணலி, வேளச்சேரியில் அளவுக் கருவிகள் இருக்கின்றன. 2015 முதல் காற்றுத் தரக் குறியீடு வெளியாகிறது. 50 வரை நல்லது, 200-ஐத் தாண்டினால் மோசம், 400-ஐத் தாண்டினால் கடுமை. ஆனால் நுண்துகளுக்கு அதில் போடுவது 24 மணி நேரச் சராசரி. ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தைக்கு மூச்சு முட்டுது. அதைப் பகல் காற்றோடு கலந்து கணக்குப் போட்டா ‘மிதம்’னு வரும். யாரும் சராசரியா மூச்சு விடறதில்ல, தோழர்களே. பிளாஸ்டிக் எரியும்போது வரும் டையாக்சின் அந்தக் குறியீட்டின் எட்டுப் பொருள்களில் சேரவே இல்லை.

2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைமேடு எரிந்தபோது, வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்றார்கள், பள்ளிகளை மூடினார்கள். சரிதான். ஆனா விடியறதுக்குள்ள துடைப்பத்தோட தெருவுல நிக்கிற நம்ம தூய்மைப் பணியாளருக்கு அது சேதியா? கூலி பிடிக்காத விடுப்பும், கையில் ஒரு என்95 முகக்கவசமும்தான் அவருக்கான சேதி. ஈரத்துணி சாம்பலைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. இதையும் சேர்த்துச் சொல்லணும்.

ஊருக்கெல்லாம் சேதி சொல்ல வைக்கப்பட்டவன் யார்? பறையைக் கழுத்தில் மாட்டித் தெருத்தெருவாக நடக்க விட்டார்கள். சேதியைச் சுமந்தவனுக்குச் சேதியில் பங்கு இல்லை. 2022-இல் தமிழக அரசு தண்டோராவை நிறுத்தச் சொன்னது, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கச் சொன்னது. வரவேற்கிறோம். அந்த ஒலிபெருக்கி புகை நாளில் எங்கே? குப்பை வண்டி தினமும் பாட்டுப் போட்டுக்கிட்டு வருதே, அதுல சொல்லு.

நான் வங்கிக் குமாஸ்தா. வட்டி விகிதம் மாறினால் பலகையில் மாற்றி எழுதுகிறோம், வாடிக்கையாளர் கேட்காமலே. பணத்துக்கு இருக்கிற மரியாதை மூச்சுக்கு வேண்டாமா? ரேஷன் கடை வாசலில், அங்கன்வாடிச் சுவரில், தமிழில், மணிக்கொரு தரம் எழுதட்டும்: இப்போது எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், யார் வெளியே வரக்கூடாது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் மணிவாரி அளவுகளைக் கேளுங்கள். புகை கண்டால் 1913-க்குப் பேசி, புகார் எண்ணை வாங்குங்கள். நேரம், காற்றின் திசை, இருமுகிறவர் எண்ணிக்கை மூன்றையும் நோட்டில் குறியுங்கள். குறியீடு ‘மிதம்’ என்று சொல்லும் நாளில் அந்த நோட்டைக் கொண்டுபோய் அதிகாரியின் மேசைமேல் வைப்போம். கண்ணகி நகரிலிருந்து ஒன்று, அபிராமபுரத்திலிருந்து ஒன்று. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைப்போம்.