தன் பிழை பொறுத்தல்



மார்கழி கழிந்து தை பிறக்கும் காலம் விடுமுறைக் காலம். விடுதியில் தங்கிப் படிப்போர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புவர். வீடுதோறும் ஒட்டடை அடிப்பர். சுவருக்கு வெள்ளை பூசுவர். போகியன்று கிழிந்த பாயையும் தேய்ந்த துடைப்பத்தையும் தீயில் இடுவர். இத்தனை மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு மூலையில் முகம் வாடி அமர்ந்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. ஒருவன் அரையாண்டுத் தேர்வில் தவறியிருப்பான். ஒருவன் நண்பனைத் தகாத சொல்லால் புண்படுத்தியிருப்பான். ஒருத்தி பெற்றோரிடம் எதையோ மறைத்திருப்பாள். ஊரெல்லாம் கொண்டாடும் நாளில்தான் நெஞ்சிலுள்ள குற்றம் மிகுதியாக உறுத்தும். அத்தகையோரை எண்ணியே இன்று பேச வந்தேன். நானும் அப்படி ஒரு மூலையில் அமர்ந்திருந்தவன்தான்.

திருச்சிராப்பள்ளியில் கல்லூரியில் சேர்ந்த முதலாண்டு அது. பொங்கலுக்கு வந்து போகுமாறு என் அப்பாயி சொல்லி எழுதுவித்த அஞ்சலட்டை ஒன்று வந்தது. நண்பர்களோ கொடைக்கானலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 'தேர்வுக்குப் படிக்க வேண்டும். வர இயலாது' என்று பொய் எழுதிவிட்டு நானும் மலைக்குச் சென்றேன். மாசி மாதம் அப்பாயி காலமானார்.

துக்க ஆண்டு ஆகையால் அடுத்த பொங்கல் எங்கள் வீட்டில் இல்லை. அதற்கும் அடுத்த ஆண்டு மீண்டும் அடுப்பு மூட்ட ஏற்பாடாயிற்று. எல்லாரும் ஒருவாறு தேறியிருந்தனர்; நான் தேறவில்லை. புத்தாடை வேண்டாம் என்றேன். ஒருவேளைதான் உண்டேன். நான் உண்ணாததால் அம்மாவும் சரியாக உண்ணவில்லை. என் முகத்தைப் பார்த்துத் தங்கை சிரிக்கவும் அஞ்சினாள். இதையெல்லாம் நான் கழுவாய் என்று எண்ணியிருந்தேன்.

போகிக்கு முதல் நாள் தாத்தா சுண்ணாம்பு கரைத்து வைத்துக்கொண்டு கூடத்துச் சுவரின்முன் நின்றார். அப்பாயி நாள்தோறும் விளக்கேற்றிய மாடத்தின்மேல் கரி அடையாகப் படிந்திருந்தது. "ஏன் தம்பி இப்படி இருக்கிறாய்?" என்று கேட்டார். அவரிடம் முழுவதையும் சொன்னேன்.

தாத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, பண்டிகைக்குக்கூட வராமல் பேரன் படிக்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்" என்றார். 'போனது போகட்டும்' என்று அவர் சொல்லவில்லை. 'பாவி' என்றும் சொல்லவில்லை. ஒரு தகட்டுத் துண்டை என் கையில் கொடுத்தார். "கரி படிந்தது என்று சுவரை இடிப்பார் உண்டா, தம்பி? ஆனால் கரியின்மேலேயே சுண்ணாம்பு அடித்தால் நிற்காது, பொரிந்து உதிர்ந்துவிடும். முதலில் சுரண்டு, பிறகு வெள்ளையடிக்கலாம்" என்றார்.

அன்று சுவரைச் சுரண்டிக்கொண்டே எண்ணிப் பார்த்தேன். 'உலகத்தில் யார்தான் பொய் சொல்லவில்லை?' என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வது கரியின்மேல் சுண்ணாம்பு அடிப்பது. 'நான் எதற்கும் தகாதவன்' என்று தன்னைத் தானே ஒறுத்துக்கொள்வது சுவரை இடிப்பது. என் பட்டினியால் அப்பாயிக்கு ஒரு பயனும் விளையவில்லை; உயிரோடிருந்த அம்மாவுக்கே துன்பம் விளைந்தது. நான் கழுவாய் என்று எண்ணியது இன்னொரு குற்றமாகவே முடிந்தது.

திருக்குறளில் பொறையுடைமை என்று ஓர் அதிகாரம் உண்டு. குற்றங்கடிதல் என்றும் ஓர் அதிகாரம் உண்டு. பிறர் பிழையைப் பொறுக்கச் சொல்வது ஒன்று. தன் பிழையைக் களையச் சொல்வது மற்றொன்று. தன் பிழையைப் பொறுக்க விரும்புவோனுக்கு இரண்டும் வேண்டும். களையாமல் பொறுப்பது சோம்பல். பொறுக்காமல் களைய முயல்வது கொடுமை.

காந்தியடிகளின் தந்தையார் 1885ஆம் ஆண்டில் காலமானார். அப்போது அடிகளுக்கு வயது 16. இரவில் தந்தையின் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவர், தந்தையின் உடன்பிறந்தார் வந்து அப்பணியை ஏற்றுக்கொண்டதும், தம் அறைக்குச் சென்றார். சில நிமிடங்களுக்குள் இறப்புச் செய்தி வந்தது. இறுதி நேரத்தில் அருகில் இல்லாமற்போன குற்றத்தைத் தம்மால் துடைக்க முடியவில்லை என்பதைச் சத்திய சோதனையில் ஒளிக்காமல் எழுதினார். ஆயினும் அதனால் அவர் முடங்கிவிடவில்லை. 1899இல் தென்னாப்பிரிக்காவில் போர் மூண்டபோது, காயமுற்றோரைச் சுமந்து செல்ல இந்தியர் படை ஒன்றைத் திரட்டினார். நோயுற்றோர்க்குப் பணிவிடை செய்வதில் அவர் கொண்ட நாட்டம் வாழ்நாள் முழுவதும் குறையவில்லை.

ஆகவே, மூலையில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கையரே, செய்த பிழையை நம்பத்தக்க ஒருவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். திருத்தக் கூடியதாயின் திருத்துங்கள். நண்பனின் வீடு அடுத்த தெருவில்தானே இருக்கிறது! திருத்த இயலாததாயின், அதற்கு ஈடாக வேறொருவர்க்கு ஒரு நன்மை செய்யுங்கள். பிறகு எழுந்து வந்து வீட்டாரோடு இலையின்முன் அமருங்கள்.

அவ்வாண்டு காணும் பொங்கலன்று, பிள்ளைகள் வெளியூரில் இருந்ததால் தனித்திருந்த இரு முதியோரை வீடு தேடிச் சென்று வணங்கினேன். அவர்கள் இன்று இல்லை. ஆனால் வேறு முதியோர் இருக்கிறார்கள். அவ்வழக்கத்தை இன்றும் விடவில்லை. அப்பாயிக்கு எழுதிய பொய் பொய்யாகவே இருக்கிறது. அதை நான் மறக்கவில்லை. அதற்காக உணவை வெறுப்பதுமில்லை.

விளக்கு எரியும் வீட்டில் கரி மீண்டும் படியத்தான் செய்யும். ஆண்டுதோறும் சுரண்டுகிறோம், ஆண்டுதோறும் வெள்ளையடிக்கிறோம், அதே வீட்டில்தான் வாழ்கிறோம்.