கடைக்கு மேல் வீடு



2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டிலேயே ஆள் குறைந்த மாவட்டம் பெரம்பலூர். மொத்தம் 5,65,000 பேர்தான். அந்த மாவட்டத்தின் தலைநகரில், முகூர்த்த நாள் காலையில், பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைவீதிக்குள் ஒரு ஸ்கூட்டரை ஓட்டிப் பாருங்கள். அந்தக் கணக்கை நம்ப மாட்டீர்கள். வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் நகைக்கும் துணிக்கும் மருந்துக்கும் பேங்க் வேலைக்கும் இந்தச் சில தெருக்களே கதி. அரியலூரிலும் இதே நிலைதான். அங்கே கூடுதலாக சிமென்ட் லாரிகள்.

இந்த மாதிரி ஊர்நடுவை எப்படித் திட்டமிடுவது என்பதுதான் இன்றைய பேச்சு. நகரத் திட்டம் என்றாலே நம் நினைவுக்கு வருவது ஊரோரம்தான். மக்காச்சோளமும் பருத்தியும் விளைந்த காட்டில் கல் ஊன்றி, கொடி கட்டி, “டிடிசிபி அப்ரூவல்”, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி, என்று போர்டு வைத்திருப்பார்களே, அதுதான் நமக்குத் தெரிந்த திட்டம். அந்த அப்ரூவலுக்கு மதிப்பு வந்ததே 2016 செப்டம்பரில்தான். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அப்போது உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு வரன்முறை விதிகள் வந்தன. ஓரத்துக்கு ஒரு ஒழுங்கு வந்தது. நடுவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நடுவில் என்ன இருக்கிறது? எந்தப் பழைய கடைவீதியிலும் பார்க்கலாம். கீழே பாத்திரக்கடை. பக்கத்துக் கடைக்கும் இதற்கும் நடுவே ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு. எதிரே ஒருவர் இறங்கினால் நீங்கள் கீழேயே நிற்க வேண்டும். மாடியில் கடைக்காரர் குடும்பம், அதற்கும் மேலே தண்ணீர்த் தொட்டி, துணி காயும் கொடி. வண்டி நிற்பது சாக்கடை மேல் போட்ட சிலாப்பில். பார்க்க அழகில்லைதான். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் பாட்டி கோயிலுக்கும் நடந்தே போகிறார்கள். ராத்திரி கடை அடைத்த பிறகும் தெருவில் விளக்கு எரிகிறது, ஆள் நடமாட்டம் இருக்கிறது.

1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும் அதன் விதிகளும் ஊரை வரைபடத்தில் வண்ணம் வண்ணமாகப் பிரிக்கச் சொல்கின்றன: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று பல வகை. நல்ல ஏற்பாடு. ஆனால் பிரிக்க வேண்டியது எது, சேர்ந்தே இருக்க வேண்டியது எது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். தையல்கடையும் வீடும் ஒரே கட்டடத்தில் இருப்பதால் யாருக்கும் கேடில்லை. சுண்ணாம்புக்கல் லாரியும் பள்ளிக்கூடமும் ஒரே சாலையில் இருப்பதுதான் கேடு.

அரியலூரில் அரசின் டான்செம் சிமென்ட் ஆலை 1979இல் ஓடத் தொடங்கியது. தளவாய், ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர் என்று சுற்றிலும் தனியார் ஆலைகள் வந்தன. ஆலைகள் ஊருக்கு வெளியேதான் இருக்கின்றன; வரைபடத்தில் எல்லாம் சரி. கல் சுரங்கத்திலிருந்து ஆலைக்குப் போக வேண்டும், மூட்டை ஆலையிலிருந்து வெளியூர் போக வேண்டும். அந்த வழி எது, லாரி எங்கே நிற்கும், டிரைவர் எங்கே தூங்குவார், டயர் பஞ்சர் பார்ப்பவர் எங்கே கடை போடுவார்? இவையும் நிலப் பயன்பாடுதான். இதற்கெல்லாம் இடம் ஒதுக்காமல் விட்டால் லாரி ஊருக்குள்தான் வரும், வேறெங்கே போகும்?

கடைவீதியை என்ன செய்வது? சாலையை அகலப்படுத்தி, இரண்டு பக்கமும் இடித்துவிட்டால் தீர்ந்தது என்பார்கள். நூறு வருஷத்துக்கு முன்பும் அப்படித்தான் சொன்னார்கள். 1914இல் இந்தியா வந்த ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெட்டிஸ், தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட சென்னை மாகாண ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். பழைய தெருக்களைக் கிழித்து அகலச் சாலை போடுவது வீண் செலவு, ஏழைகளைத் துரத்தும் வேலை என்பது அவர் கட்சி. இடிந்து கிடக்கும் ஒன்றிரண்டு கட்டடங்களை மட்டும் எடுத்து, அங்கே சிறு திறந்தவெளி விட்டு, மற்றதைப் பழுது பார்க்கச் சொன்னார். பெரம்பலூர் வானொலித் திடல் மாதிரி நடுவில் ஒரு வெட்டவெளி மிஞ்சியிருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்று அவர் பார்த்திருந்தால் சொல்லியிருப்பார்.

கடையும் வீடும் இப்படிச் சேர்ந்திருப்பதற்கு விதிகள் குறுக்கே நிற்கின்றனவா? முழுக்க இல்லை. 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகள், தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது எஃப்.எஸ்.ஐ.யை, ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்தின. 1,200 சதுர அடி மனையில் 2,400 சதுர அடி கட்டலாம் என்று பொருள். தொடர் கட்டடப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடங்களில் பக்கச் சுவரை ஒட்டியே கட்டலாம். சிக்கல் எங்கே என்றால், 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில். 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம் என்றால் ஆன்லைனில் உடனே அனுமதி. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்தத் திட்டம் வீடுகளுக்காக வந்தது. கீழே கடை, மேலே வீடு கட்டுகிறவர் பழைய நீள வழியில்தான் போக வேண்டும். நடந்து போகும் தூரத்தில் எல்லாம் கிடைக்கிற இடத்தில் வீடு கட்டுவது சிரமம், ஐந்து கிலோமீட்டர் தள்ளிக் காட்டில் கட்டுவது சுலபம் என்றால் மனிதன் எதைத் தேர்ந்தெடுப்பான்? ஜப்பானில் வணிகப் பகுதியிலும் வீடு கட்டத் தடையில்லை. அதிகத் தொந்தரவு தரும் தொழிலைத்தான் தள்ளி வைக்கிறார்கள். நம் கடைவீதிகளைக் கலப்புக் குடியிருப்பு என்றே குறித்து, சிறிய கடைவீட்டுக்கும் சுயசான்று வசதி கொடுக்கலாம். தெரு அகலத்துக்கு ஏற்ற உயர வரம்பும், வண்டி நிறுத்த ஊருக்குப் பொதுவான ஒரு இடமும் அதோடு வர வேண்டும். ஒவ்வொரு சின்னக் கடைக்காரரையும் பார்க்கிங் விடச் சொன்னால் அவர் கடையை மூடிவிட்டுத்தான் விட வேண்டும்.

நேயர்களே, ஒரு விஷயத்தை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரை வண்ணம் பிரிக்கும் முழுமைத் திட்டத்தின், அதாவது மாஸ்டர் பிளானின், வரைவு வெளியானால், ஆட்சேபணை சொல்லப் பொதுமக்களுக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். இது 1971 சட்டத்தின் 26ஆவது பிரிவு. உங்கள் மனையைச் சாலைக்கோ பூங்காவுக்கோ ஒதுக்கி, மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தும் அறிவிப்பு வெளியாகவில்லை என்றால் ஒதுக்கீடு நீங்கியதாகக் கொள்ள வேண்டும். இது 38ஆவது பிரிவு. அறிவிப்பு நாளிதழில் சின்ன எழுத்தில் வரும். பார்த்த அன்றே பட்டாவை எடுத்துக்கொண்டு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போங்கள். வரைபடத்தில் உங்கள் சர்வே நம்பர் எந்த வண்ணத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தெருக்காரர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சொல்ல வேண்டியதை எழுத்தில் கொடுத்து, நகலில் ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.