இந்த சீசன் எப்படிப் போகும்? தொப்பூரிலிருந்து ஒரு ரசிகையின் ஐந்து கணிப்புகள்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரம் ஊருக்கு வந்திருக்கேன். தொப்பூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்துதான் பேசறேன். நடுவுல ஏதாவது சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, கணவாய்ல லாரி இறங்குது.

போன எபிசோடுல அமெரிக்கக் காலேஜ் பெண்கள் கூடைப்பந்து பத்திப் பேசினோம். 2024 ஃபைனல், சவுத் கரோலினாவும் அயோவாவும் மோதினது, அங்க டிவியில 1 கோடியே 80 லட்சம் பேருக்கு மேல பார்த்தாங்க. அந்த வருஷம் ஆண்கள் ஃபைனலைப் பார்த்தவங்களை விட இது அதிகம். அதைக் கேட்டுட்டு நிறைய பேர், "நம்ம ஊர்ல இப்படி ஒரு சீசன் இருக்கா?"ன்னு கேட்டிருந்தீங்க. இருக்கு. டிவியில வராது, அவ்வளவுதான். அதனால இன்னைக்கு நம்ம சீசனுக்கு ப்ரிவ்யூ.

முதல்லயே ஒண்ணை ஒத்துக்கறேன், நான் நடுநிலையான ஆள் கிடையாது. என் சித்தப்பா பொண்ணு சேலம் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில ரெண்டாவது வருஷம் படிக்கிறா, டீம்ல பாயிண்ட் கார்டு. காலேஜ் பேரும் சொல்லப்போறதில்லை, பொண்ணுங்க பேரும் சொல்லப்போறதில்லை. ஜெர்சி நம்பர் போதும். இவ 4, டீமோட சென்டர் 9. ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் பேசறேன்.

சீசன் எப்படி நடக்குதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். முதல்ல கல்லூரிகளுக்கு நடுவுல போட்டி. அதுல நல்லா ஆடறவங்களைப் பொறுக்கி பல்கலைக்கழக டீம் போடுவாங்க. இந்தப் பக்கத்துக்குப் பெரியார் பல்கலைக்கழகம். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரின்னு நாலு மாவட்டம். அந்த டீம் தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அங்க முன்னணியில வந்தா அகில இந்தியப் போட்டி. அதுலயும் நல்லா ஆடினா, 2020-ல புவனேஸ்வர்ல தொடங்கின கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள். இதுதான் ஏணி. இப்போ கணிப்புக்குப் போவோம்.

கணிப்பு 1: கல்லூரிகளுக்கு இடையிலான கப்பை எங்க பொண்ணுங்க ஜெயிப்பாங்க.

போன வருஷம் ஃபைனல்ல மூணு பாயிண்ட்ல தோத்தோம். நான் கேலரியில நோட்டு வெச்சு எழுதிக்கிட்டே பார்த்தேன். ஃப்ரீ த்ரோ 18 கிடைச்சுது, 7 தான் உள்ள போச்சு. யாரும் தடுக்காம, நின்ன இடத்துல நின்னு போடற பந்து. இன்னும் நாலு விழுந்திருந்தா கப்பு நம்ம கையில. மத்தவங்க எல்லாம் டிஃபென்ஸ் சரியில்லை, உயரம் பத்தலைன்னு பேசிக்கிட்டே வெளிய வந்தாங்க. நோட்டைப் பார்த்தா கதை வேற.

ஏன் விழலை? பிராக்டிஸ்ல ஃப்ரீ த்ரோவைக் கடைசியில வெச்சிருந்தாங்க. கடைசி பத்து நிமிஷம்னா பாதிப் பொண்ணுங்க பையை மாட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடற நேரம். இந்த வருஷம் 9-ஆம் நம்பர் பொண்ணு கோச்கிட்ட பேசி, அதை முதல்ல கொண்டு வந்துட்டா. வந்ததும் ஆளுக்கு இருபது, அப்புறம்தான் மத்ததெல்லாம். பெரிய வியூகம் ஒண்ணும் இல்லை, ஆனா என் கணிப்பே இதை நம்பித்தான் நிக்குது.

கணிப்பு 2: 9-ஆம் நம்பர் நாலாவது குவார்ட்டர்ல கோர்ட்ல இருந்தா ஜெயிப்போம், பெஞ்சுல இருந்தா தோப்போம்.

பத்து பத்து நிமிஷமா நாலு குவார்ட்டர். ஒருத்தருக்கு அஞ்சு ஃபவுல் ஆச்சுன்னா அந்த மேட்ச்ல அதோட முடிஞ்சுது. 9-க்கு ஒரு பழக்கம் இருக்கு, தன்னைத் தாண்டி யாராவது போயிட்டா பின்னாடி இருந்து கையை நீட்டுவா. மூணாவது குவார்ட்டர்லயே நாலு ஃபவுல் வாங்கிடுவா. அப்புறம் பயந்து பயந்து ஆடணும், ரீபவுண்டுக்குக்கூட எகிற மாட்டா. அவளுக்குப் பதிலா இறக்க அந்த உயரத்துல வேற ஆள் இல்லை. அதனால எதிர் டீம் என்ன பண்ணுவாங்கன்னு சொல்லவே வேணாம், பந்தை நேரா அவ மேலயே கொண்டு போவாங்க. அவ கத்துக்க வேண்டியது கையைத் தூக்கிட்டு சும்மா நிக்கறது. சும்மா நிக்கறதுதான் கஷ்டம், கேட்டுப் பாருங்க.

கணிப்பு 3: என் தங்கச்சி பல்கலைக்கழக டீம்ல பன்னிரண்டு பேர்ல ஒருத்தியா வருவா, ஆனா ரொம்ப நேரம் ஆட மாட்டா.

இதைக் கேட்டா என்கிட்ட ஒரு வாரம் பேச மாட்டா. அவளுக்கு வேகம் இருக்கு, கோர்ட் முழுக்கக் கண்ணு இருக்கு. ஆனா இடது கை இன்னும் வரலை. இடது பக்கமா ஒதுக்கித் தள்ளினா பந்தை விட்டுடுவா. கல்லூரி லெவல்ல அதை யாரும் கவனிக்கலை, தென்மண்டலத்துல ரெண்டே நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவாங்க. இப்போ வீட்டுல இடது கையிலதான் சாமான் எல்லாம் தூக்கறா. சித்தி, "சோறு மட்டும் வலது கையில சாப்பிடு கண்ணு"ன்னு சொல்லிட்டாங்க.

கணிப்பு 4: தென்மண்டலத்துல பெரியார் பல்கலைக்கழக டீம் ரெண்டு ரவுண்டு ஜெயிக்கும், அப்புறம் ஒரு சென்னை டீம்கிட்டயோ கேரளா டீம்கிட்டயோ தோக்கும்.

இதை வருத்தத்தோடதான் சொல்றேன். தென்மண்டலம்னா தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, புதுச்சேரி எல்லாம் ஒரே இடத்துல. சென்னைப் பல்கலைக்கழகம், எஸ்.ஆர்.எம். ரெண்டும் பல வருஷமா பலமான டீம். எஸ்.ஆர்.எம். மாதிரி இடத்துல ஒரே வளாகம், ஒரே ஹாஸ்டல், காலையும் சாயந்திரமும் ஒரே கோர்ட். நம்ம டீமுக்கு ஒரு பொண்ணு ஓசூர்ல இருந்து வருவா, ஒருத்தி திருச்செங்கோட்டுல இருந்து, ஒருத்தி அரூர்ல இருந்து. செலக்‌ஷன் முடிஞ்சு, கேம்ப்ல பழகி, பேர் மனசுல நிக்கறதுக்குள்ள போட்டி வந்துடும். இதுல யாரையும் குறை சொல்ல முடியாது, நாலு மாவட்டத்துக்குப் பரவின பல்கலைக்கழகம்னா அமைப்பே அப்படி.

கூடைப்பந்துல இது ரொம்ப முக்கியம். பந்து கைக்கு வந்து 24 செகண்டுக்குள்ள ஷாட் போடணும். அந்த 24 செகண்ட்ல பேசிக்கிட்டு இருக்க முடியாது. இவ இந்தப் பக்கம் வெட்டிப் போவா, பந்தைத் திரும்பிப் பார்க்காம அங்க போடலாம்னு தெரிஞ்சிருக்கணும். ஒரு வருஷம் சேர்ந்து ஆடினாத்தான் அது வரும்.

கேரளாவுல இன்னொரு விஷயமும் இருக்கு. அங்க மின்சார வாரியத்துக்கே பெண்கள் கூடைப்பந்து டீம் உண்டு. காலேஜ்ல நல்லா ஆடினா வேலைன்னு ஒண்ணு கண்ணுக்குத் தெரியுது. தெரிஞ்சா வீட்டுலயும் அனுப்பறாங்க. அந்த வேலைப் பேச்சுதான் என்னைக் கடைசிக் கணிப்புக்குக் கொண்டு போகுது.

கணிப்பு 5: 9-ஆம் நம்பர் அடுத்த சீசனும் ஆடுவா.

அமெரிக்காவுல சீசன் முடிஞ்சதும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்னு ஒண்ணு திறக்கும். எந்த ப்ளேயர் எந்தக் காலேஜுக்குப் போறான்னு எல்லாரும் அதையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. நம்ம ஊர்லயும் ஒரு போர்ட்டல் இருக்கு, அதுக்குப் பேரு மேட்ரிமோனி. அதுல போன ப்ளேயர் வேற டீமுக்குப் போறது ரொம்ப அபூர்வம்.

9 இப்போ மூணாவது வருஷம். வீட்டுல மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சாச்சு. அவங்க அப்பா நல்ல மனுஷர். பொண்ணு ஆடக்கூடாதுன்னு ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் கேக்கறது ஒரே கேள்வி: "இதை வெச்சு என்னம்மா பண்ணப்போற?" அந்தக் கேள்விக்கு நாம கோபப்பட முடியாது, பதில்தான் சொல்லணும்.

பதில் என்கிட்ட இருக்கு. பி.ஜி. சேர்ந்தா பல்கலைக்கழகப் போட்டியில 25 வயசு வரைக்கும் ஆட வழி இருக்கு. தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு. ரயில்வேயில இருக்கு. சென்னைக்காரங்க அனிதா பால்துரை அப்படித்தான், தெற்கு ரயில்வே வேலை, இந்திய டீம் கேப்டன். 2001-ல இருந்து 2017 வரைக்கும் ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப் ஆடினவங்க. 2021-ல பத்மஸ்ரீ. 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில நம்ம மாநிலப் பெண்கள் டீம் ஃபைனல் வரைக்கும் போய் தெலங்கானாகிட்டதான் தோத்தாங்க. அதாவது மேல இடம் இருக்கு. ஆனா அந்த இடத்துக்குப் போற எல்லாருக்கும் வேலை கிடைக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு பேர்ல ஒருத்திக்கோ ரெண்டு பேருக்கோ கிடைக்கலாம்.

அப்போ எதை வெச்சு அவ ஆடுவான்னு கணிக்கிறேன்? போன மாசம் சாயந்திரம் கணவாய்ல ஒரு லாரி கவுந்து ரோடு அடைச்சுக்கிச்சு. எங்க ஊர்க்காரங்களுக்கு இது புதுசில்லை. என் தங்கச்சி வந்த பஸ் மலைக்குக் கீழயே நின்னுடுச்சு. போன்ல சார்ஜும் இல்லை. சித்தப்பா வண்டியை எடுத்துக்கிட்டுத் தேடப் போனார். வீட்டுக்கு வரும்போது ராத்திரி பத்து மணி. சித்தப்பா, "இனிமே பிராக்டிஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்"னு சொல்லிட்டார்.

மறுநாள் 9-ஆம் நம்பரோட அப்பா சித்தப்பாவுக்கு போன் பண்ணினார். அவங்க வீடு சேலத்துலயே. "பிராக்டிஸ் இருக்கற அன்னைக்குப் பாப்பா எங்க வீட்டுலயே தங்கிக்கட்டும்ங்க. ரெண்டும் ஒண்ணா போயிட்டு ஒண்ணா வரட்டும்"னு சொன்னார். சித்தப்பா ரெண்டு நாள் யோசிச்சு சரின்னார். இப்போ வாரத்துல மூணு நாள் பாயிண்ட் கார்டும் சென்டரும் ஒரே வீட்டுல இருக்காங்க. ஹாஸ்டல் இல்லாத டீமுக்கு ரெண்டு பேர் கொண்ட ஹாஸ்டல்.

மாப்பிள்ளை பார்க்கற அதே அப்பாதான் அந்த போனைப் பண்ணினவர். அதை நம்பித்தான் இந்தக் கணிப்பு. அவர் இந்த எபிசோடைக் கேக்க மாட்டார், பொண்ணு போட்டுக் காட்டினாத்தான் உண்டு. அம்மா 9, போட்டுக் காட்டு.

அஞ்சு கணிப்பையும் நோட்டுல எழுதித் தேதி போட்டு வெச்சிருக்கேன். நாலாவது தப்பாப் போனா எனக்கு ரொம்ப சந்தோஷம். மூணாவது தப்பானா என் தங்கச்சி ஊரெல்லாம் சொல்லிக் காட்டுவா, பரவாயில்லை. அஞ்சாவது மட்டும் சரியா இருக்கணும். சீசன் முடிஞ்சதும் இதே மாடியில உட்கார்ந்து ஒண்ணொண்ணா மார்க் போடுவோம்.

உங்க ஊர்ல, உங்க பழைய காலேஜ்ல ஒரு டீம் இருக்கும். ஒரு மேட்ச் போய் பாருங்க. டிக்கெட் எல்லாம் கிடையாது. போறப்போ நோட்டு ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போங்க, ஃப்ரீ த்ரோவை எண்ணுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.