முன்னோர் வழக்கும் முன்னிற்கும் சிக்கலும்

ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிரைப் போக்கலாமா? கூடாது என்போம். ஆனால், 2000 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பெண் குழந்தைகள் இருவர் ஒட்டிப் பிறந்தனர். ஒருத்தியின் இதயமே இருவருக்கும் இரத்தம் பாய்ச்சியது. பிரிக்காவிட்டால் சில மாதங்களில் இருவரும் இறப்பர். பிரித்தால் நலிந்தவள் உடனே இறப்பாள். பெற்றோர் தம் சமய நம்பிக்கையால் மறுத்தனர். மருத்துவமனை நீதிமன்றத்தை நாடியது.

'கொல்லாதே', 'காப்பாற்று' என்ற இரண்டு அறங்களும் மோதின. இத்தகைய நேரத்தில் தெளிவான பழைய வழக்கொன்றை அருகில் வைத்து, எது ஒத்திருக்கிறது, எது வேறுபடுகிறது என்று பார்ப்பது ஒரு வழி.

நீதிபதிகள் 1884 ஆம் ஆண்டு வழக்கை எடுத்துப் பார்த்தனர். படகு மூழ்கி, பசியால் வாடிய மாலுமிகள் 17 வயதுப் பையனைக் கொன்று உண்டனர். 'வேறு வழியில்லை' என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சாக வேண்டியவர் யார் என்பதைக் கொல்பவரே தீர்மானிக்கலாமா என்பதே அங்கு எழுந்த கேள்வி. மான்செஸ்டரில் அப்படி எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. நலிந்தவளின் முடிவை அவள் உடல்நிலையே குறித்துவிட்டது. அந்த வேறுபாடு முக்கியமானது. அறுவை சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. நவம்பரில் ஒருத்தி இறந்தாள், மற்றவள் பிழைத்தாள்.

அப்படியானால் ஒட்டிப் பிறந்தோரை எப்போதும் பிரிக்கலாமா? 2003 ஜூலையில் சிங்கப்பூரில், தலை ஒட்டிப் பிறந்த ஈரானியச் சகோதரிகள் லாடான், லாலே இருவரும் அறுவை சிகிச்சையில் உயிரிழந்தனர். வயது 29. பிரிக்காவிட்டால் விரைவில் இறந்துவிடுவர் என்ற நிலை அங்கில்லை. ஆனால் ஆபத்தை அறிந்தே அவர்கள் சம்மதித்தனர். கைக்குழந்தைகளால் அது முடியாது. அங்கே உயிர் யாருக்கு என்பது கேள்வி. இங்கே முடிவு யாருடையது என்பது கேள்வி.

இம்முறையில் ஓர் அபாயமும் உண்டு. வேண்டிய முடிவுக்கேற்ப வழக்கைத் தேடினால் அது சாக்குப்போக்காகிவிடும். 17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் இதைக் கடுமையாகச் சாடினார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் தந்தை செயற்கைச் சுவாசத்தில் இருக்கும்போது, பிள்ளைகள் 'பக்கத்து வீட்டில் செய்தார்களே' என்று மட்டும் முடிவெடுக்கலாகாது. அவர் தேறும் வாய்ப்பு என்ன, முன்பு அவர் என்ன விரும்பினார் என்று கேட்கட்டும். வேறுபாட்டைக் காணும் கண்ணே நியாயத்தைக் காணும் கண்.