வண்டிக்கும் ஒரு பேரு போடுங்க

(தோட்டக் குடும்பங்களின் சேமிப்புக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



இன்று நான் பேச வந்தது பழைய பிக்அப் வண்டியைப் பற்றி. "சேமிப்புக் கூட்டத்துல வண்டிக்கு என்ன வேலை?" என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். வேலையை விட்டு நிற்கும்போது சேவைக்காலப் பணமும் வரும். வாழ்நாளிலேயே முதல் தடவையாக ஒரு மொத்தத் தொகை கைக்கு வருகிறது. அந்தக் கிழமையே வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும்: "பழைய பிக்அப் ஒண்ணு எடுத்துப் போட்டா மரக்கறி ஏத்தலாம், ஹயர் ஓடலாம், நம்ம பையன் பொழைச்சுக்குவான்."

இந்த ஆசை தப்பில்லை. பையன் கொழும்புக் கடைக்குப் போகாமல் ஊரோடு இருக்க வேண்டும் என்று எந்தத் தாய்க்குத்தான் ஆசை இராது? ஆனால் நாம் வாங்குகிற விலையை மட்டும்தான் கேட்கிறோம். மாடு வாங்கப் போனால் புல்லுக்கு என்ன வழி என்று முதலில் யோசிக்கிறோம். வண்டி வாங்கப் போனால் அதன் தீனியை யோசிப்பதில்லை.

முதலில் அந்தப் பணம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு வேலை செய்த வருஷம் ஒன்றுக்கு 14 நாள் சம்பளம். 30 வருஷம் கொழுந்து பறித்த அம்மாவுக்கு 420 நாள் சம்பளம். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் 5 இலட்சத்து 67 ஆயிரம். காகிதத்தில் அது ரூபா. உண்மையில் அது 420 பேரு. மழையிலும் அட்டைக்கடியிலும் போட்ட பேரு. ஆகவே இன்றைக்கு வண்டிக் கணக்கையும் நாம் பேருக் கணக்கிலேயே பார்ப்போம்.

டீசலை எடுத்துக்கொள்வோம். தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்குப் போக வர ஏறக்குறைய 60 கிலோமீற்றர். பாரத்தோடு மலை ஏறுகிற பழைய டீசல் பிக்அப் லீட்டருக்கு 8 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு நடைக்கு ஏழரை லீட்டர். 2022 தொடக்கத்தில் டீசல் லீட்டர் 121 ரூபா. அந்த நடைக்குச் செலவு 908 ரூபா. அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபா. ஒரு பேரு போட்டால் நடை முடிந்துவிடும். அதே வருஷம் ஜூன் கடைசியில் டீசல் 460 ரூபா. அதே நடைக்கு 3,450 ரூபா. சம்பளம் அதே 1,000தான். ஒரு பேரில் முடிந்த நடை ஆறே மாதத்தில் மூன்றரைப் பேரு கேட்டது. அதிலும் டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றது வேறு.

சாமான்கள் கதையும் அப்படித்தான். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரைக்கும் ஏறியது. நம் வண்டிக்குப் போடுகிற பிரேக் பூட், கிளச் பிளேட், பெயரிங் எல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறவை. அதோடு 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை சொந்தப் பாவனைக்கான வாகன இறக்குமதி நின்றிருந்தது. புது வண்டி வராத நாட்டில் பழைய வண்டிக்கு மவுசு ஏறியது. வயசு ஏற ஏற விலை இறங்க வேண்டிய சாமான், வயசோடு விலையும் ஏறி நின்றது. அதனால் "விலை கூடுன வண்டி நல்ல வண்டி" என்று யாரும் நம்பிவிட வேண்டாம்.

இனி, கண்ணுக்குத் தெரியாத செலவு. டீசல் அன்றன்றைக்குக் காசு கேட்கும். டயர் அப்படிக் கேட்காது. மெதுவாகத் தேய்ந்துகொண்டே போய், ஒரு நாள் மொத்தமாகக் கேட்கும். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். நான்கு டயருக்கு 1 இலட்சத்து 60 ஆயிரம் போகிறது, 40,000 கிலோமீற்றர் ஓடுகிறது என்றால், கிலோமீற்றருக்கு 4 ரூபா. 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை எஞ்சின் ஒயிலும் பில்டரும் மாற்ற 20,000 என்றால் அதுவும் கிலோமீற்றருக்கு 4 ரூபா. பிரேக், கிளச், ஸ்பிரிங் பட்டை, பற்றரி, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் சேர்த்து 10 ரூபா வைப்போம். மொத்தம் 18 ரூபா. 60 கிலோமீற்றர் நடைக்கு 1,080 ரூபா. டீசல் போக, சாரதி கூலி போக, வண்டியே தனக்கென்று கிட்டத்தட்ட ஒரு பேரு கேட்கிறது!

அதனால்தான் சொல்கிறேன், செக்ரோலில் வண்டிக்கும் ஒரு பேரு போடுங்கள். நடை ஓடி வந்த அன்றே அந்தக் காசைத் தனியாக எடுத்து வையுங்கள். தனி வங்கிப் புத்தகம் இருந்தால் இன்னும் நல்லது. "இன்னைக்கு டீசல் போக 2,000 மிச்சம்" என்று சந்தோஷப்பட்டு வீட்டுச் செலவுக்கு எடுத்தால், அதில் பாதி நம்முடைய காசல்ல, டயருடைய காசு. டயர் வெடிக்கிற அன்றைக்கு அடகுக் கடைக்குப் போவது அம்மாவின் தோடுதான்.

இதே கணக்கைப் பாரத்தோடு சேர்த்துப் பாருங்கள். டீசல் லீட்டர் 300 ரூபா என்று வைத்தால் நடைக்கு 2,250. வண்டியின் பங்கு 1,080. இரண்டும் 3,330 ரூபா. 800 கிலோ கோவாவும் லீக்ஸும் ஏற்றினால் கிலோவுக்கு நான்கு ரூபா சொச்சம். 300 கிலோ மட்டும் ஏற்றினால் பதினொரு ரூபா. ஆகவே லயத்துக்கு லயம் தனித்தனி வண்டி தேவையில்லை. நான்கைந்து வீட்டுத் தோட்டக்காரர்கள் பேசிச் சேர்ந்து ஏற்றினால் வண்டி கட்டுப்படியாகும். கிழமைக்கு ஒரு நடைதான் என்றால், வாடகைக்கு ஒரு வண்டியைப் பிடிப்பதே லாபம். வாங்குவதற்கு முன்னால் மூன்று மாதம் வாடகை வண்டியில் ஏற்றி, எத்தனை நடை உண்மையில் கிடைக்கிறது என்று கொப்பியில் எழுதிப் பாருங்கள். கொப்பி பொய் சொல்லாது.

சரி, நடை இருக்கிறது, வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். நமது மழைக் குளிருக்கு முதலில் போவது செசிதான். வண்டிக்குக் கீழே படுத்து, சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் இரும்பு. பொத்தென்று கேட்டால் துரு. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட்டில் சந்தேகம். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் தொடவே கூடாது. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் மாற்றுகிற செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போகும். உங்களுக்குத் தெரிந்த பாஸ் ஒருவருக்கு அரை நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். அந்தக் கூலி வீண் போகாது.

கடதாசியும் அப்படித்தான். செசி நம்பரும் எஞ்சின் நம்பரும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். புத்தகத்தில் லீசிங் கம்பனி பெயர் முழு உரிமையாளராக இருந்தால், அந்தக் கடன் தீர்ந்த கடிதம் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். "ஓபன் பேப்பர்ல தாறேன், பெயர பிறகு மாத்திக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று: மூன்றாம் தரப்புக் காப்புறுதி மற்றவருக்கு ஏற்படும் நட்டத்துக்குத்தான். உங்கள் வண்டி பள்ளத்தில் விழுந்தால் அதிலிருந்து ஒரு சதமும் வராது.

கடைசியாக, மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. சில தம்பிமார் இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள், எஞ்சினையே நிறுத்துகிறவர்களும் உண்டு. கியரில் விட்டு, கால் எடுத்து இறங்கும்போது டீசல் பம்பு எஞ்சினுக்குப் போகும் டீசலைத் தானாகவே குறைத்துவிடுகிறது. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் சும்மா ஓடுவதற்குத்தான் டீசல் குடிக்கும். மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் பாரம் முழுவதும் பிரேக்கில் விழுகிறது. பிரேக் சூடேறி, உள்ளே இருக்கிற பழைய பிரேக் ஒயில் கொதித்தால், பெடல் வெறுமனே தரையைத் தொடும். எஞ்சினை நிறுத்திவிட்டால் பிரேக்குக்கு உதவுகிற காற்றிழுப்பும் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். பிரேக் ஒயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். ஏற்றுகிற பாரத்துக்கு அளவு வையுங்கள். பின்னால் ஆட்களை, அதிலும் பள்ளிப் பிள்ளைகளை, நிறுத்தி ஏற்றாதீர்கள்.

வண்டி வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் 420 பேரையும் விலைக்கே கொடுத்துவிடாமல், மூன்றில் ஒரு பங்கையாவது வண்டியின் தீனிக்கென்று வைத்துக்கொண்டு வாங்குங்கள். அந்தப் பங்கு மிஞ்சாத விலை என்றால் அந்த வண்டி நமக்கு ஏற்றதல்ல. இன்று இரவு வீட்டில் பையனையும் மகளையும் உட்கார வைத்து இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அம்மாவும் அந்தக் கணக்கில் உட்கார வேண்டும். பேரு போட்டது அவர்தானே!