பஞ்சாபி மொழியின் முதல் வகுப்பு



ஒரு மொழியைத் தாய்மடியிற் கற்பது வேறு. வயது வந்தபின் பல்கலைக்கழக வகுப்பில் ஏடும் எழுதுகோலுமாக அமர்ந்து கற்பது வேறு. முன்னையது நம்மை அறியாமலே நிகழ்வது. பின்னையதோ ஒவ்வோர் ஒலியையும் ஒவ்வோர் எழுத்தையும் முயன்று தேடிக்கொள்வது. இன்று பல பல்கலைக்கழகங்களில் தொடக்க நிலைப் பாடமாகப் போதிக்கப்படும் பஞ்சாபி மொழியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இது பற்றிச் சில கூற விரும்புகின்றேன்.

பஞ்சாபி சிலர் மட்டுமே பேசும் மொழியன்று. பாகிஸ்தானில் 8 கோடிக்கு மேற்பட்டோரும், இந்தியாவில் 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி 3 கோடிக்கு மேற்பட்டோரும் அதனைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். கனடாவில் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தம் இல்லத்தில் பெரும்பாலும் வழங்கும் மொழி இதுவே எனப் பதிந்தனர். இம்மொழியின் வளர்ச்சிக்கென்றே 1962இல் பாட்டியாலா நகரில் பஞ்சாபிப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. லாகூரிலும், கடல் கடந்து வான்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் பஞ்சாபி கற்பிக்கப்படுகின்றது.

இத்தகைய தொடக்க வகுப்பில் இரு திறத்து மாணாக்கரைக் காணலாம். ஒரு சாரார் மொழிக்கு முற்றிலும் புதியவர்கள். மற்றொரு சாரார் பஞ்சாபிக் குடும்பங்களிற் பிறந்து அயல்நாட்டில் வளர்ந்தவர்கள். இவர்கள் பாட்டியின் பேச்சை விளங்கிக்கொள்வர். ஆயின் அவருக்கு ஒரு கடிதம் எழுத அறியார். தம் வீட்டு மொழிக்கே தாம் தொடக்க மாணாக்கர் என்று பதிந்துகொள்ளும்போது உள்ளம் சற்றே கூசுதல் இயல்பு. எனினும் அக்கூச்சத்தை வென்று வகுப்பினுள் நுழைவோரே அம்மொழியை அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் செல்லக்கூடியவர்கள்.

முதலில் எழுத்து. இந்தியப் பஞ்சாபில் வழங்கும் எழுத்து குர்முகி எனப்படும். 16ஆம் நூற்றாண்டில் சீக்கியரின் இரண்டாம் குருவாகிய அங்கத் தேவர் இதனை ஒழுங்குபடுத்தினார் என்பர். வரிசைக்கு ஐந்தாக ஏழு வரிசையில் 35 எழுத்துக்கள் அமைந்துள்ளன; ஆகவே நெடுங்கணக்கிற்கே முப்பத்தைந்து எனப் பொருள்படும் பெயர் வழங்குகிறது. பிற்காலத்திற் சில எழுத்துக்களின் கீழே புள்ளியிட்டுப் புதிய ஒலிகளுக்கும் இடஞ்செய்தனர். சில வாரப் பயிற்சியில் இவ்வெழுத்து வசமாகிவிடும்.

ஒலியே கடினமானது. இந்தோ ஆரிய மொழிகளுட் பெரும்பாலானவற்றிற் காணப்படாத ஒரு பண்பு பஞ்சாபிக்கு உண்டு. குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். தமிழில் எழுதப்புகின் 'கோடா' என ஒரே வடிவாக எழுத நேரும் மூன்று சொற்கள் அங்கே உள்ளன. குரலைத் தாழ்த்திச் சொன்னால் குதிரை. உயர்த்திச் சொன்னால் தொழுநோயாளன். சமனாகச் சொன்னால் சவுக்கு. முற்காலத்தில் மூச்சொலியோடு ஒலித்த சில மெய்கள் அம்மூச்சை இழந்தபோது, அதன் சுவடு குரலின் ஏற்றத்தாழ்வாக எஞ்சிற்று. எழுத்தோ பழைய வடிவையே காத்து நிற்கின்றது. எனவே குதிரையைக் குறிக்கும் சொல்லில் மாணாக்கன் காணும் எழுத்தொன்று. வாயாற் சொல்ல வேண்டிய ஒலி மற்றொன்று. பேச்சில் ரகரமும் றகரமும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்ட பின்னரும் எழுத்தில் வேறுபாட்டைப் பேணும் நமக்கு இது முற்றிலும் புதுமையன்று.

தமிழ் அறிந்தவனுக்கு வேறு சில வாய்ப்புக்களும் உண்டு. தண்ணீரை இந்தியில் 'பானீ' என்பர். பஞ்சாபியில் ணகரம் பெற்று 'பாணீ' என ஒலிக்கும். ளகரமும் அம்மொழியில் உண்டு. ஏழு என்பதை இந்தியில் 'ஸாத்' எனக் கூற, பஞ்சாபியில் 'ஸத்த்' என மெய்யை இரட்டித்துக் கூறுவர். பாளியின் 'ஸத்த' என்னும் சொல்லை அறிந்தோருக்கு இப்பழைய இரட்டிப்பு உடனே புலனாகும்.

சொற்றொடர் அமைப்பிலும் ஒற்றுமை உண்டு. வினை இறுதியில் வரும். உருபுகள் பெயருக்குப் பின்னே நிற்கும். 'எனக்குப் பசிக்கிறது' என்னும் நம் வழக்கைப் போலவே அங்கும் பசித்தவன் நான்காம் வேற்றுமையில் நிற்பான். ஆனால் பால் பகுப்பு நம்மைத் திகைக்கச் செய்யும். உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் என்னும் வேறுபாடு உண்டு. கதவு ஆண்பால், நாற்காலி பெண்பால். 'பையன் ரொட்டி தின்றான்' எனக் கூறும்போது, ரொட்டி பெண்பாலாதலின் வினையும் பெண்பாலாகும். உண்டவன் ஆணாயிருந்தும் வினை உண்ணப்பட்டதைப் பின்பற்றுகின்றது!

இலக்கணத்தினும் சுவையானவை உறவுப் பெயர்கள். தந்தையின் தமையனைத் 'தாயா' என்றும் தம்பியைச் 'சாச்சா' என்றும் அழைப்பர்; நம் பெரியப்பாவும் சித்தப்பாவும் இவர்களே. தாயின் உடன்பிறந்தான் அங்கும் 'மாமா'தான். ஆனால் அத்தையின் கணவருக்கு நாமும் மாமா என்போம். அவர்களோ அவரைப் 'புப்பட்' என வேறு பெயரால் அழைப்பர். மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவர்களுள் சீக்கியரிடமும் இந்துக்களிடமும் அது பொதுவாக இல்லை. இவ்வேறுபாடு உறவுப் பெயரிலேயே பதிந்துள்ளது. ஆங்கிலத்தின் 'அங்கிள்' என்னும் ஒரே சொல்லில் இவை யாவும் கரைந்துபோகும். அயல்நாட்டில் வளரும் பிள்ளை மொழியை இழக்கும்போது, தன் குடும்பத்தை அறியும் வழிகளுள் ஒன்றையும் இழக்கின்றது.

இனி, மிக முக்கியமான செய்தி ஒன்று. பாகிஸ்தானியப் பஞ்சாபில் இம்மொழி ஷாமுகி எனப்படும் பாரசீக வழிவந்த எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதப்படுகின்றது. ஆங்கே பள்ளிக் கல்வி நெடுங்காலமாக உருதுவிலும் ஆங்கிலத்திலுமே பெரிதும் நடந்து வந்துள்ளது. 1947இல் நாடு பிரிந்தது. பேச்சு ஒன்றாயிருந்தும் ஏடு இரண்டாயிற்று. ஒருபுறத்தார் எழுதியதை மறுபுறத்தார் செவியாற் கேட்டால் விளங்கும். கண்ணாற் கண்டால் விளங்காது. குஜ்ரன்வாலாவிற் பிறந்து, பிரிவினையின்போது இந்தியா சென்ற கவிஞர் அம்ரிதா பிரீதம், அத்துயரைப் பாடியபோது 18ஆம் நூற்றாண்டுக் கவிஞரான வாரிஸ் ஷாவை விளித்தே பாடினார். இஸ்லாமிய ஞானியாகிய பரீதின் பாடல்களோ சீக்கியரின் திருமறையில் இடம்பெற்றுள்ளன. இப்பொதுச் செல்வம் முழுவதையும் நேரிற் படித்துத் துய்க்க விழைவோன் இரண்டு எழுத்தையும் கற்றல் வேண்டும்.

ஆகவே தொடக்க மாணாக்கருக்கு நான் கூறக்கூடியவை மூன்று. முதலாவது, ஒலியைச் செவியாற் பழகிய பின்னரே எழுத்தை நம்புக. இரண்டாவது, பெயர்ச்சொல்லை அதன் பாலோடு சேர்த்தே மனத்தில் இருத்துக. மூன்றாவது, ஓர் எழுத்து வசமானதும் மற்றையதையும் தொடங்குக. நாள்தோறும் அரை மணி நேரம் தவறாது பயில்வது, வாரத்தில் ஒருநாள் முழுவதும் வருந்துவதினும் சிறந்தது என்பதை ஆசிரியர் எவரும் அறிவர்.

ஒரே மொழி பேசுவோர் இரண்டு எழுத்தாற் பிரிந்து நிற்கையில், இரண்டையும் கற்ற ஒரு மாணாக்கன், ஒருபுறத்தார் எழுதியதை மறுபுறத்தாருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டலாம். முதல் வகுப்பிற் புகுவோனுக்கு அதனினும் உயர்ந்த நோக்கம் வேண்டுவதில்லை.