யாழ்ப்பாணத்துத் திருச்சபைகள்: பிரிவும் இணைவும்

கிறிஸ்து சமயம் ஒன்று. அதன் சபைகளோ பல. 1054ஆம் ஆண்டில் உரோமாபுரியும் கொன்ஸ்தாந்திநோப்பிளும் பிரிந்தன. 1517இல் மார்ட்டின் லூதர் தொடங்கிய சீர்திருத்தத்தால் மேலைத் திருச்சபையும் பிளவுற்றது. இவ்வழக்குகள் தோன்றியது தொலைதூர நாடுகளிலேயாம். ஆயினும் அவற்றின் விளைவை யாழ்ப்பாணத்து மக்களும் சுமக்க நேர்ந்தது.

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைக்கொண்ட போர்த்துக்கேயர் கத்தோலிக்க சமயத்தைப் பரப்பினர். 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர் அச்சமயத்தைத் தடைசெய்து, அதன் கோயில்களைத் தம் சீர்திருத்த சபைக்கு ஆக்கினர். கோவையிலிருந்தன்று, கோவாவிலிருந்து 1687இல் வந்த யோசேப் வாஸ் அடிகள், மறைந்து வாழ்ந்தே கத்தோலிக்கருக்குத் தொண்டாற்றினார். 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

ஆங்கிலேயர் காலத்தில் வேறொரு வகைப் பிரிவு வந்தது. 1814இல் வெஸ்லியன் மெதடிஸ்தரும், 1816இல் அமெரிக்க மிசனரிமாரும், 1818இல் அங்கிலிக்கன் சபையைச் சார்ந்த சேர்ச் மிசன் சங்கத்தாரும் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கினர். ஒருவரோடொருவர் போட்டியிடாதிருக்க ஊர்களைத் தமக்குள் வகுத்துக்கொண்டனர். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில் முதலிய ஊர்கள் அமெரிக்கருக்கு, நல்லூர் அங்கிலிக்கருக்கு, பருத்தித்துறை மெதடிஸ்தருக்கு. ஆகவே, ஒருவர் எந்தச் சபையினர் என்பதைப் பெரும்பாலும் அவர் ஆராய்ந்து கண்ட கொள்கை தீர்மானிக்கவில்லை. அவர் ஊரிற் பள்ளிக்கூடம் வைத்தவர் யார் என்பதே தீர்மானித்தது.

இந்நிலையின் பொருந்தாமையை இந்தியக் கிறிஸ்தவரும் உணர்ந்தனர். 1919இல் தரங்கம்பாடியிற் கூடிய போதகர்கள், பேராயர் அசரியாவும் உடனிருக்க, சபைகளை இணைக்க அழைப்பு விடுத்தனர். பேச்சு இருபத்தெட்டு ஆண்டுகள் நீண்டது. முட்டுக்கட்டையாய் நின்றது பேராயர் பதவி. அப்பதவி இன்றியமையாதது என்றனர் அங்கிலிக்கர். ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளவேண்டுமென்பது அமெரிக்கரின் கொங்கிரிகேசனல் மரபு. முடிவில், முன்னரே பணியிலிருந்த குருமார் அனைவரும் மறு அபிடேகமின்றி ஏற்கப்பட்டனர். இனிவருவோரைப் பேராயரே அபிடேகஞ் செய்வர் என வகுக்கப்பட்டது. இரு திறத்தாரும் ஒவ்வொன்றை விட்டுக்கொடுத்தனர்.

1947 செப்தெம்பர் 27ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அசரியா அதனைக் காணாமலே 1945இல் மறைந்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசன் வழிவந்த சபை அதன் ஓர் ஆதீனமாயிற்று. சபாபதி குலேந்திரன் முதற் பேராயரானார். ஆனால் இங்குள்ள அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் இலங்கையிலுள்ள தத்தம் சபைகளோடேயே நின்றனர். கடல் கடந்த சபைகளோடு இணைந்தவர், அடுத்த ஊராரோடு இணையவில்லை! இலங்கைச் சபைகளை ஒன்றாக்க வகுத்த திட்டமும் 1970களில் வழக்குகளால் தடைப்பட்டது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாண ஆதீனத்திலிருந்தே ஒரு பகுதியினர் பிரிந்து, அமெரிக்க இலங்கை மிசன் என்னும் பழம்பெயரை மீண்டும் பூண்டனர்.

இவ்வரலாறு பிற சமயத்தார்க்கும் பயன்படும். நாம் ஒரு பிரிவைப் பற்றி நிற்கும்போது, அது நம் ஆராய்ச்சியால் வந்ததா, பாட்டனார் படித்த பள்ளிக்கூடத்தால் வந்ததா என்று வினவுதல் நன்று. முன்னையதாயின் மதிப்போடு வாதிடலாம். பின்னையதாயின், அதன்பொருட்டு அயலாரோடு பகை கொள்வதற்கு நியாயம் இல்லை.